உண்பவர் பக்கம் நின்ற வேதியியலார் – டாக்டர் ஹார்வி வைலி

மனிதன் பிறர் மீது நம்பிக்கை வைத்துச் செய்யும் காரியங்களில் முதன்மையானது உண்பது. தன் வீட்டுப் பசுவைக் கறந்து, தன் வயல் நெல்லைக் குத்தி உண்ட காலத்தில் அந்த நம்பிக்கைக்குக் காவல் தேவைப்படவில்லை. உணவு ஆலையில் பிறந்து, டப்பாவில் அடைபட்டு, இரயிலிலும் கப்பலிலும் பயணம் செய்து, முகம் தெரியாதவர் தட்டில் வந்து விழத் தொடங்கியபோதுதான் புதிய கேள்வி பிறந்தது. இதற்குள் என்ன இருக்கிறது? அதனால் கேடு இல்லை என்று யார் சொல்வது?

அந்தக் கேள்விக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பேராசிரியரின் வரலாற்றை இங்கே எழுத விழைகிறேன். அவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஹார்வி வாஷிங்டன் வைலி. வேதியியல் மாணவனாகிய நான் பாடநூல்களில் தனிமங்களைக் கண்டவர்களையும் விதிகளை வகுத்தவர்களையும் படித்து வருகிறேன். வைலி எந்தத் தனிமத்தையும் கண்டுபிடித்தவர் அல்லர். எந்த விதியும் அவர் பெயரால் வழங்கவில்லை. ஆயினும் நாம் வாங்கும் ஒவ்வொரு உணவுப் பொட்டலத்தின் மேலும் அவர் உழைப்பின் சாயல் படிந்திருக்கிறது என்பேன்.

இளமையும் கல்வியும்

1844ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், இந்தியானா மாநிலத்தின் கென்ட் என்னும் சிற்றூருக்கு அருகில், மரக்கட்டைகளால் அமைந்த ஒரு பண்ணை வீட்டில் வைலி பிறந்தார். ஏழு குழந்தைகளில் ஆறாமவர். தந்தை பிரெஸ்டன் வைலி உழவர்; ஊர் மக்களுக்குச் சமய உரை ஆற்றுபவர். தெற்கு மாநிலங்களிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பின அடிமைகளை மறைத்து வைத்து, வடக்கே பாதுகாப்பாக அனுப்பி வைத்த நல்லவர்களில் அவரும் ஒருவர். நியாயம் என்று பட்டதற்காக ஆபத்தை ஏற்கும் குணத்தைத் தந்தையிடமே மகன் கற்றிருக்க வேண்டும்.

1863இல் ஹானோவர் கல்லூரியில் சேர்ந்த வைலி, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் 1864இல் படிப்பை நிறுத்திவிட்டு வடக்கு மாநிலங்களின் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து 1867இல் பட்டம் பெற்றார். சில காலம் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். 1871இல் மருத்துவப் பட்டமும், 1873இல் ஹார்வர்டில் அறிவியல் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் மருத்துவத் தொழிலை மேற்கொள்ளவில்லை. அவர் உள்ளம் சோதனைக் குழாயிலேயே நின்றது.

மிதிவண்டி ஏறிய பேராசிரியர்

1874இல் பர்டூ பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியபோது அதன் வேதியியல் பேராசிரியராக வைலி அமர்ந்தார். இந்தியானா மாநில அரசின் வேதியியலாராகவும் பணியாற்றினார். 1878இல் செர்மனிக்குச் சென்று, புகழ்பெற்ற ஹாஃப்மன் அவர்களின் விரிவுரைகளைக் கேட்டார். சர்க்கரைக் கரைசல் வழியே செல்லும் ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து அதன் தூய்மையை அளக்கும் முறையை அங்கே நன்கு பயின்றார். ஊர் திரும்பியதும், கடைகளில் விற்கும் சர்க்கரையையும் பாகு வகைகளையும் சோதித்துத் தருமாறு மாநிலச் சுகாதார வாரியம் அவரைக் கேட்டுக்கொண்டது. தேன் என்றும் பாகு என்றும் விலை வைத்து விற்கப்பட்டவற்றுள் பலவற்றில், சோள மாவிலிருந்து எடுத்த மலிவான குளுக்கோஸ் கலந்திருப்பதை அவர் கண்டார். 1881இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அவர் வாழ்வின் திசை அன்றே முடிவாகிவிட்டது.

இங்கே நம் கல்லூரி நண்பர்கள் இரசிக்கத்தக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அக்காலத்தில் முன்சக்கரம் மிக உயரமாக உள்ள மிதிவண்டி புதிதாக வந்திருந்தது. வைலி ஒன்றை வாங்கி, முழங்கால் வரையுள்ள காற்சட்டை அணிந்து, அதில் ஏறிக் கல்லூரிக்கு வந்தார். மாணவரோடு சேர்ந்து பந்தும் ஆடினார். பேராசிரியர் ஒருவர் இப்படிச் செய்வதா என்று ஆட்சிக் குழுவினர் அவரை அழைத்துக் கண்டித்தனர். வைலி வாதாடவில்லை, பதவி விலகல் கடிதத்தை எழுதி நீட்டிவிட்டார். கடிதம் ஏற்கப்படவில்லை. ஆனால் பின்னர் பல்கலைக்கழகத் தலைவர் பதவி காலியானபோது அது அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகே வாஷிங்டன் நகரிலிருந்து அழைப்பு வந்தது. வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலார் பதவியை 1883இல் அவர் ஏற்றார். இருபத்தொன்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

வைலியின் பணிகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றை, நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். நம் ஆய்வகத்தில் ஒரே கரைசலை இரு மாணவர் தனித்தனியே தரம்பார்த்து, இரு வேறு அளவீடுகளோடு விரிவுரையாளர் முன் நிற்கும் காட்சி நமக்குப் பழக்கமானதே. மாணவர் இருவரும் ஒரே முறையைக் கையாண்டிருந்தால் தவறு எங்கே என்று தேடலாம். ஆளுக்கொரு முறையைக் கையாண்டிருந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? அன்றைய அமெரிக்காவில் நிலைமை அப்படித்தான் இருந்தது. ஒரே உரத்தை ஒரு மாநிலத்து வேதியியலார் நல்லது என்பார். அடுத்த மாநிலத்தவர் மட்டம் என்பார். வணிகர் தமக்கு உகந்த அறிக்கையைக் காட்டி விற்றுக்கொள்வார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1884இல் பிலடெல்பியா நகரில் அரசு வேளாண் வேதியியலார் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களுள் வைலி முக்கியமானவர். பின்னர் அதன் தலைவராகவும், 1889 முதல் 1912 வரை செயலாளராகவும் இருந்தார். ஒரு முறையைப் பல ஆய்வகங்களில் செய்து பார்த்து, எங்கே செய்தாலும் ஒத்த விடை வருகிறதா என்று உறுதி செய்த பிறகே அதை ஏற்பது என்பது அச்சங்கத்தின் வழக்கம். உரத்தில் தொடங்கிய அந்த வழக்கம் உணவுக்கும் வந்தது. அச்சங்கம் இன்றும் உலக அளவில் இயங்குகிறது. அதன் முறைகளைப் பல நாட்டு ஆய்வகங்கள் கையாளுகின்றன. ஒரே அளவுகோல் இல்லாத இடத்தில் எத்தனை சட்டங்கள் இயற்றினாலும் பயன் இல்லை அன்றோ?

டப்பாவுக்குள் இருந்தது என்ன?

அக்கால அமெரிக்க உணவின் நிலையை அறிந்தால் வியப்போடு அருவருப்பும் தோன்றும். பால் கெடாதிருக்க ஃபார்மால்டிஹைடு சேர்த்தனர். நம் விலங்கியல் துறையில் பாம்பும் தவளையும் கண்ணாடிச் சாடிகளில் மிதக்கின்றனவே, அந்த ஃபார்மலினில் கரைந்திருப்பது அதே பொருள்தான்! இறைச்சியிலும் வெண்ணெயிலும் வெண்காரமாகிய போராக்ஸ். டப்பாப் பட்டாணியின் பச்சை நிறம் மங்காதிருக்க மயில்துத்தம். பழச்சாறு வகைகளில் சாலிசிலிக் அமிலம். தக்காளிக் கூழில் சோடியம் பென்சோயேட். உறையின் மேல் இவை எதுவும் எழுதப்படவில்லை. எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்த நாடு முழுமைக்குமான சட்டமும் இல்லை.

1887 முதல் வைலியின் அலுவலகம் பால், வெண்ணெய், மசாலை, சர்க்கரை, காப்பி, டப்பாக் காய்கறி என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தொடர் அறிக்கைகள் வெளியிட்டது. 1879 தொடங்கி 1906 வரை உணவுக் கலப்படம் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட மசோதாக்கள் அமெரிக்கப் பாராளுமன்றத்திற்கு வந்தன. ஏறக்குறைய எல்லாமே வந்த வழியே சென்றன. இப்பொருள்களால் கேடு என்பதற்குச் சான்று எங்கே என்று எதிர்த்தரப்பினர் கேட்டனர். கேள்வி நியாயமானதே. வைலி அந்தச் சான்றைத் தேடப் புறப்பட்டார்.

நச்சுப் படை

1902இல் பாராளுமன்றம் அவருக்கு 5,000 டாலர் ஒதுக்கியது. தம் அலுவலகக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சமையற்கூடத்தையும் உணவறையையும் வைலி அமைத்தார். உடல்நலமுள்ள இளைஞர் பன்னிருவர் தாமாக முன்வந்தனர். பெரும்பாலோர் சிறு சம்பளம் பெற்ற அரசு எழுத்தர்கள். நம்மினும் சில வயதே மூத்தவர்கள். மூன்று வேளை உணவு இலவசம். வேறு ஊதியம் இல்லை. வெளியில் ஒரு கவளம்கூட உண்ணலாகாது. எடையும் உடல் வெப்பமும் தவறாது குறிக்கப்படும். உடலிலிருந்து கழிவதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் அரசின் மேல் வழக்குத் தொடுப்பதில்லை என்றும் அவர்கள் உறுதி தர வேண்டியிருந்தது.

முதலில் நல்ல உணவு. பிறகு சில நாள் வெண்காரம் கலந்த உணவு. மீண்டும் நல்ல உணவு. இதுவே சோதனையின் அமைப்பு. வெண்காரத்தை முதலில் வெண்ணெயில் மறைத்து வைத்தனர். எப்படியோ தெரிந்துகொண்ட இளைஞர்கள் வெண்ணெயைத் தொடவில்லை. பாலில் கலந்தனர், பால் அருந்துவது குறைந்தது. இறுதியில் ஒளிவு மறைவின்றி உறைமாத்திரையில் அடைத்துக் கொடுத்தனர். இளைஞர்கள் அறிந்தே விழுங்கினர். நாளேடுகள் அவர்களுக்கு நச்சுப் படை என்று பெயர் சூட்டின. நாடக மேடைகளில் அவர்களைப் பற்றி வேடிக்கைப் பாட்டுகள் எழுந்தன.

ஆனால் உணவறையில் நடந்தது வேடிக்கை அன்று. நாள் செல்லச் செல்லப் பசி குறைந்தது, தலைவலியும் வயிற்று வலியும் வந்தன, எடை இறங்கியது. நாள்தோறும் அரை கிராம் வெண்காரம்கூடத் தொடர்ந்து உண்பதற்கு மிகுதி என்று 1904இல் வைலி அறிக்கை வெளியிட்டார். அடுத்து சாலிசிலிக் அமிலம், கந்தக அமில வகை, பென்சோயேட், ஃபார்மால்டிஹைடு என்று சோதனைகள் ஐந்து ஆண்டுகள் நடந்தன. இன்றைய அறிவியல் முறைப்படி பார்த்தால் அச்சோதனைகளில் குறைகள் உண்டு. ஆட்கள் மிகச் சிலர். மருந்து உண்ணாத மற்றொரு குழுவை உடன் வைத்து ஒப்பிடவும் இல்லை. இளைஞர்களை இவ்வாறு சோதனைக்கு உட்படுத்த இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இசையாது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ, சிலர் தெரிந்தே உண்டனர் என்பது மட்டுமே வேறுபாடு. நாட்டு மக்கள் அனைவரும் தெரியாமலே உண்டுகொண்டிருந்தனர்.

1906 ஜூன் 30

சட்டம் தானாக வரவில்லை. மகளிர் சங்கங்கள் ஊர்தோறும் கூட்டம் நடத்திக் கடிதங்களைக் குவித்தன. ஆலிஸ் லேக்கி என்னும் அம்மையார் அம்முயற்சியில் முன்னின்றார். பென்சோயேட் இல்லாமலேயே தக்காளிக் கூழைக் கெடாமல் வைக்க முடியும் என்று காட்டிய ஹைன்ஸ் போன்ற ஆலை அதிபர்களும் ஆதரவு தந்தனர். 1906இல் அப்டன் சிங்க்ளேர் எழுதிய ஜங்கிள் என்ற நாவல் நூல்வடிவில் வந்தது. சிகாகோ இறைச்சிக் கூடங்களில் தொழிலாளர் படும் துயரைக் காட்டவே அவர் எழுதினார். படித்தவர்களோ தம் தட்டில் உள்ள இறைச்சியைக் கண்டு அஞ்சினர். 1906 ஜூன் 30 அன்று, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்திலும் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். முதற்சட்டத்தை மக்கள் வைலி சட்டம் என்றே அழைத்தனர்.

வென்றபின் வந்த சோதனை

வாழ்க்கை வரலாறுகள் பல இந்த இடத்தில் முடிந்துவிடும். வைலியின் வாழ்வில் உண்மையான போராட்டம் இதன் பிறகே தொடங்கியது. கலப்படம் கூடாது என்று சட்டம் சொல்லிற்று. ஆனால் எந்தப் பொருள், எந்த அளவில் கலப்படம் என்பதை வகுக்கும் அதிகாரத்தை அது தெளிவாகத் தரவில்லை. கேடு விளைவிக்கும் என்று அரசு மெய்ப்பிக்க வேண்டுமா, கேடு இல்லை என்று விற்பவர் மெய்ப்பிக்க வேண்டுமா? ஐயம் உள்ளவரை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது வைலியின் கட்சி. தீங்கு தெரியும்வரை விற்கலாம் என்பது வணிகர் கட்சி.

1908இல் வெள்ளை மாளிகையில் நடந்த ஒரு கூட்டத்தில், சாக்கரின் உடலுக்குத் தீங்கானது என்று வைலி குறுக்கிட்டுச் சொன்னார். மருத்துவர் அறிவுரைப்படி நாள்தோறும் சாக்கரின் உண்டு வந்தவர் ரூஸ்வெல்ட்! அவருக்குச் சினம் பொங்கியது. அப்படிச் சொல்பவன் அறிவிலி என்றே கடிந்துகொண்டார். அதே ஆண்டு, வைலியின் முடிவுகளை மறு ஆய்வு செய்ய ஒரு வல்லுநர் குழு அமைந்தது. அதன் தலைவர் ஐரா ரெம்சன். எவருடைய ஆய்வகத்தில் சாக்கரின் பிறந்ததோ அவரே! சிறு அளவில் பென்சோயேட் தீங்கற்றது என்று 1909இல் அக்குழு அறிவித்தது.

1911இல் ஒரு வல்லுநருக்கு ஊதியம் வழங்கியதில் விதி மீறினார் என்று வைலி மீது குற்றம் சாட்டப்பட்டது. அவரைப் பதவியிலிருந்து நீக்கவே அது கிளம்பியது என்று பலர் கருதினர். குடியரசுத் தலைவர் டாஃப்ட் விசாரித்து, அவர் மீது குற்றம் இல்லை என்று முடிவு செய்தார். எனினும் தம் கைகள் கட்டப்பட்டிருப்பதை உணர்ந்த வைலி, 1912 மார்ச் 15 அன்று பதவி துறந்தார். முன்பு மிதிவண்டிக்காக நீட்டிய கடிதம் திரும்பி வந்தது. இந்தக் கடிதம் திரும்பி வரவில்லை.

அவர் ஓய்ந்துவிடவும் இல்லை. குட் ஹவுஸ்கீப்பிங் என்னும் பெண்கள் பத்திரிகையின் ஆய்வுக்கூடத்தை ஏற்று, உணவுப் பொருள்களைச் சோதித்து, மக்களுக்காகப் பதினெட்டு ஆண்டுகள் எழுதி வந்தார். பல்லாண்டு காத்திருந்து 1911இல், தம் 66ஆம் வயதில், ஆனா கெல்டன் அம்மையாரை மணந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடி 1917இல் கைதான வீரப் பெண்மணி அவர். 1930 ஜூன் 30 அன்று, சட்டம் கையெழுத்தான அதே நாளில், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து வைலி மறைந்தார்.

உலகுக்கு ஒரு பொது நெறி

அவர் வென்றாரா, தோற்றாரா? நேர்மையாகச் சொன்னால் விடை இரண்டும்தான். அவர் எதிர்த்த பென்சோயேட்டும் சாக்கரினும் இன்று அளவு வரையறையோடு பல நாடுகளில் அனுமதிக்கப்படுகின்றன. பாலில் ஃபார்மால்டிஹைடு சேர்ப்பதை இன்று யாரும் ஆதரிப்பதில்லை. வெண்காரமும் பெரும்பாலான உணவுகளிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது. எனவே அவருடைய தடைப் பட்டியல் முழுவதும் நிலைக்கவில்லை. நிலைத்தது அவர் கேட்ட கேள்வி. 1937இல் தகாத கரைப்பானில் செய்த ஒரு மருந்தால் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 1938இல் புதிய சட்டம் வந்தது. உணவுக்குத் தர அளவுகளை வகுக்கும் அதிகாரம் அதில் அரசுக்குக் கிடைத்தது. 1958இல் வந்த திருத்தம், புதிதாகச் சேர்க்கும் பொருள் தீங்கற்றது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தோளில் ஏற்றியது. வைலி மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அக்கேள்வி நாட்டு எல்லையையும் கடந்தது. 1956இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, உணவில் சேர்க்கும் பொருள்களை ஆராயத் தொடங்கியது. விலங்குகளுக்கு எந்த அளவுவரை தீங்கு நேரவில்லை என்று கண்டு, அதைப் பொதுவாக நூறால் வகுத்து, மனிதன் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உண்ணத்தக்க அளவை அக்குழு கணிக்கிறது. அதன் துணையோடு உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் ஆணையத்தின் முதற்கூட்டம் 1963இல் ரோமில் நடந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உறுப்பு வகிக்கின்றன. 1995இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றிய பிறகு, நாடுகளிடையே உணவு வணிகத்தில் பூசல் எழுந்தால் இத்தரங்களே உரைகல்லாகக் கொள்ளப்படுகின்றன. வைலியோடு ரெம்சன் குழு மோதியதைப் போன்ற வாதங்கள் இன்று அந்த மன்றங்களில் எண்களோடும் சான்றுகளோடும் நடக்கின்றன.

நம் சென்னை மாகாணத்தில் 1918லேயே கலப்படத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய நாடு முழுமைக்கும் 1954இல் ஒரு சட்டமும், அதனிடத்தில் 2006இல் உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டமும் வந்தன. வைலி சட்டத்திற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்குப் பின்!

முடிவுரை

மாணவ நண்பர்களே! வைலியிடம் நான் கற்ற பாடம் இதுதான். விஞ்ஞானியின் முடிவுகள் சில காலத்தால் திருத்தப்படலாம், அது இழிவன்று. ஆனால் ஐயம் எழும்போது அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பதைக் காலம் திருத்த முடியாது. வைலி, சான்று கேட்டவருக்குச் சான்று தேடித் தந்தார். சான்று குறைவான இடத்தில் உண்பவர் பக்கம் நின்றார். உணவுப் பொட்டலத்தின் மேல் உள்ள சேர்மானப் பட்டியலையும், பதினான்கு இலக்க உரிம எண்ணையும் நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? அந்தச் சிறிய எழுத்துகள் விலையின்றி வந்தவை அல்ல. நிலவறையில் அமர்ந்து, தெரிந்தே உறைமாத்திரையை விழுங்கிய பன்னிரண்டு இளைஞர்களும் அவற்றுக்கு விலை தந்திருக்கிறார்கள். அவற்றைப் படிப்பது நாம் அவர்களுக்குச் செலுத்தும் மிக எளிய நன்றி.